டாட்ஜி: வயிற்றுக்கும் ஏஜென்ட்டுக்கும் ஒரே சொல்லா?

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, பாலக்காட்டில் நர்சிங் படித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறீர்கள். அங்கே தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் காலையில் உங்களிடம் ‘ஐவ் காட் எ டாட்ஜி டம்மி’ என்றார். ‘டம்மி’ என்றால் வயிறு. கைப்பேசி அகராதியில் பார்த்தால் ‘டாட்ஜி’ என்பதற்கு ‘நேர்மையற்ற, மோசடியான’ என்று பொருள் போட்டிருந்தது. அதே வாரத்தில் உடன் வேலை செய்யும் ஒருவர், உங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்டைப் பற்றி ‘ஹீ இஸ் எ பிட் டாட்ஜி’ என்றார். வயிறு எப்படி மோசடி செய்யும், இரண்டும் ஒரே சொல்தானா, நோயாளியின் குறிப்பேட்டில் இந்தச் சொல்லை எழுதலாமா, அந்த ஏஜென்ட்டைப் பற்றி இணையத்தில் ‘டாட்ஜி’ என்று எழுதினால் வம்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒரே சொல்தான். அகராதி தந்த பொருளும் தவறில்லை. ஆனால் அது அந்தச் சொல்லின் ஒரு கிளை மட்டுமே. ‘டாட்ஜி’ என்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அன்றாடப் பேச்சில் புழங்கும் பெயரடை. ஒரு மனிதனையோ பொருளையோ உடலுறுப்பையோ இடத்தையோ நம்பி நம் பாரத்தை அதன்மேல் போட முடியாது என்று சொல்பவருக்குத் தோன்றும்போது அவர் இந்தச் சொல்லை எடுக்கிறார். உளுத்துப்போன மரப்படியைப் பார்த்து ‘இதில் கால் வைக்காதே’ என்று சொல்வோமே, அந்த எச்சரிக்கைதான் இதன் உள்ளடக்கம். அந்தப் படி மனிதனாக இருந்தால் அவனுடைய நாணயத்தில் சந்தேகம். முழங்காலாக இருந்தால் அதன் பலத்தில் சந்தேகம். நேற்று இரவு சாப்பிட்ட இறாலாக இருந்தால் அது கெட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம். சந்தேகம் ஒன்றுதான், அது போய் உட்காரும் இடம் மட்டுமே மாறுகிறது.

இந்தப் பொருள் விரிவை நம் ஊர்க்காரர்கள் புரிந்துகொள்வதற்குத் தமிழிலேயே நல்ல வழி இருக்கிறது. நம் எல்லைப் பக்கத்து வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ ஒருவர் டாக்டரிடம் போய் ‘வயிறு ஒரு மாதிரியா இருக்குதுங்க’ என்பார். அவரே அன்று மாலை தேங்காய் வியாபாரி ஒருவரைப் பற்றி ‘அந்த ஆள் ஒரு மாதிரிங்க, பார்த்து நடந்துக்குங்க’ என்பார். இருட்டிய பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலையைப் பற்றியும் ‘அந்தப் பக்கம் ஒரு மாதிரி’ என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. இம்மூன்றையும் கேட்கும் நாம் வயிறு ஏமாற்றுகிறது என்றோ, சாலைக்கு உடம்பு சரியில்லை என்றோ எண்ணுவதில்லை. சேர்ந்து வரும் சொல்லை வைத்துப் பொருளைப் பிடித்துக்கொள்கிறோம். ‘டாட்ஜி டம்மி’, ‘எ டாட்ஜி டீலர்’, ‘எ டாட்ஜி ஏரியா’ ஆகிய மூன்றையும் ஆங்கிலேயர் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து, இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் தமிழ் வழக்கு ‘ஒரு மாதிரி’ என்பதைத் தவிர வேறில்லை.

மலையாளத்தோடு கலந்து வாழும் நமக்கு, ஏமாற்று, தில்லுமுல்லு என்ற பொருளில் வரும் ‘உடாயிப்பு’, ‘தரிகிட’ ஆகிய சொற்களும் உடனே நாவில் வரும். ஆளைப் பற்றியும் வியாபாரத்தைப் பற்றியும் பேசும்போது ‘உடாயிப்பு’ மிகவும் நெருங்கி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் அது ஒட்டாது. சென்னைப் பேச்சில் உள்ள ‘டுபாக்கூர்’ ஒரேயடியாகப் போலி என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறது. ‘டாட்ஜி’ அந்த அளவுக்குப் போவதில்லை. நிலம் வாங்கும்போது நாம் சொல்லும் ‘வில்லங்கம்’ பத்திரத்துக்கும் ஆளுக்கும் பொருந்துகிறது, உடம்புக்குப் பொருந்தவில்லை. ஆகவே மொழிபெயர்க்கும்போது இவற்றில் எதை வேண்டுமானாலும் இடத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். சொல்லை மனத்தில் பதிய வைப்பதற்கு மட்டும் ‘ஒரு மாதிரி’யை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அகராதி ஏன் மோசடியை முதலில் போடுகிறது என்பது அதில்தான் விளங்கும். ‘டாட்ஜ்’ என்ற வினைச்சொல் ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. சட்டென்று ஒதுங்குதல், பிடிகொடுக்காமல் நழுவுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்குத் தந்திரம், தப்பிக்கும் வழி என்ற பொருள் ஏற்பட்டது. வரி கட்டாமல் தப்பிப்பதற்கு ‘டாக்ஸ் டாட்ஜ்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயர்ச்சொல்லோடு ‘இ’ என்ற விகுதி சேர்ந்து ‘டாட்ஜி’ ஆனது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1861-ஐ அகராதிகள் குறிப்பிடுகின்றன. அன்று அதற்குத் தந்திரக்காரன், நழுவுகிறவன் என்ற பொருள்தான். ஆளுக்கு உரிய சொல் பிறகு அவன் விற்கும் பொருளுக்குப் போய், அங்கிருந்து பழுதான எந்தப் பொருளுக்கும் போய், கடைசியில் பழுதான உடலுறுப்பு வரை வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பெயரும் அந்த வினைச்சொல்லிலிருந்து வந்ததே: நியூயார்க்கின் புரூக்ளினில் டிராம் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓடிய மக்களைக் குறித்த கேலிப் பெயர் அணிக்கு ஒட்டிக்கொண்டது. டாட்ஜ் என்ற காருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களின் குடும்பப் பெயர்.

இனி உங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படும் இடத்துக்கு வருவோம். பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களில் பலர் தங்கள் உடம்பைப் பற்றி விவரமாகப் பேசக் கூச்சப்படுகிறவர்கள். வயிற்றுப்போக்கு என்றோ சிறுநீர் அடக்க முடியவில்லை என்றோ வாய்விட்டுச் சொல்வதை அவர்கள் நாகரிகக் குறைவாக நினைக்கிறார்கள். அதனால் முழங்கால் பலமிழந்தால் ‘டாட்ஜி நீ’, இடுப்பு மூட்டு தேய்ந்தால் ‘டாட்ஜி ஹிப்’, இதயம் பலவீனமாக இருந்தால் ‘டாட்ஜி டிக்கர்’ என்று ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். ‘டிக்கர்’ என்றால் கடிகாரத்தைப் போல் டிக் டிக் என்று அடிப்பது, அதாவது இதயம். சிறுநீர்ப் பாதைக்கு ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்று ஒரு மறைமொழியும் உண்டு. ஒரு பெரியவர் ‘மை வாட்டர்வொர்க்ஸ் ஆர் எ பிட் டாட்ஜி’ என்றால் குழாய் பழுதுபார்ப்பவரைக் கூப்பிட வேண்டாம். அவருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ‘எ பிட்’ என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் என்று அளவைச் சொல்வதற்காக ஆங்கிலேயர் அதைப் போடுவதில்லை. சொல்லின் கூர்மையை மழுக்குவதற்காகவே போடுகிறார்கள். நாமும் ‘கொஞ்சம் உட்காருங்கள்’ என்று சொல்லும்போது பாதி உட்காரச் சொல்வதில்லை அல்லவா! ‘டிக்கர் கொஞ்சம் டாட்ஜி’ என்று சிரித்துக்கொண்டே சொல்பவருக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்திருக்கலாம். நம் ஊரிலிருந்து புதிதாகப் போகிற செவிலியர்கள் இந்தச் சொல்லின் லேசான தொனியைக் கேட்டு நோயும் லேசானது என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. மருத்துவ ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும்போது நோய்களின் முறையான பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகின்றன. நோயாளி வாயால் அவற்றைச் சொல்லமாட்டார் என்பதை மட்டும் போதிய அளவுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. உடலுறுப்பின் பெயருக்கு முன்னால் ‘டாட்ஜி’ வந்தால் உறுப்பில் பழுது. ‘ஃபீலிங்’ என்ற சொல்லோடு வந்தால் உடம்பு சரியில்லை: ‘ஹீ இஸ் ஃபீலிங் எ பிட் டாட்ஜி’ என்றால் அவருக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது. அந்த ‘ஃபீலிங்’கை விட்டுவிட்டு ‘ஹீ இஸ் எ பிட் டாட்ஜி’ என்று நீங்கள் சொன்னால், அவர் நம்பத்தகாத ஆள், நடத்தை சரியில்லாதவர் என்றாகிவிடும். பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்பவர் என்ற நிழலும் சில இடங்களில் அதில் விழும். டியூட்டி மாறும்போது அடுத்து வருகிற நர்சிடம், ஆறாம் எண் அறைப் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல நினைத்து, அவர் ஆள் சரியில்லை என்று சொல்லிவிடக்கூடிய இடம் இது. தமிழிலும் இதே வேறுபாடு உண்டு: ‘அவருக்கு ஒரு மாதிரியா இருக்கு’ என்பது வேறு, ‘அவர் ஒரு மாதிரி’ என்பது வேறு. நாம் வேற்றுமை உருபை வைத்துப் பிரிக்கிறோம், அவர்கள் வினையை வைத்துப் பிரிக்கிறார்கள்.

குறிப்பேட்டில் எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் சொல்லாக எழுதக்கூடாது என்பதுதான். பிரிட்டனில் நர்சுகளைப் பதிவு செய்யும் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் மன்றத்தின் நடத்தை விதிகள், பதிவேடுகள் தெளிவாக இருக்க வேண்டும், தேதியும் நேரமும் இட்டிருக்க வேண்டும், தேவையற்ற சுருக்கெழுத்தும் குழூஉக்குறியும் ஊகமும் அவற்றில் இருக்கக்கூடாது என்கின்றன. ‘டாட்ஜி’ என்பது ஊகத்தையே பொருளாகக் கொண்ட சொல். அதைப் படிக்கும் டாக்டருக்கு வலியா, குமட்டலா, பேதியா, மலச்சிக்கலா என்று எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே எழுதுவதில் தவறில்லை; அது நல்ல பழக்கமும்கூட. தமிழில் சொல்வதானால் இப்படி அமையலாம்: “காலை 7.30 மணிக்கு ‘டாட்ஜி டம்மி’ என்று கூறினார். கேட்டபோது, இரவு 2 மணி முதல் மூன்று முறை நீராகப் போனதாகவும் அடிவயிற்றில் பிடித்து இழுப்பது போன்ற வலி இருப்பதாகவும் தெரிவித்தார். வாந்தி இல்லை.” இதற்குப் பின் அங்கே எல்லாப் பராமரிப்பு இல்லங்களுக்கும் பழக்கமான பிரிஸ்டல் மல அட்டவணையின் எண்ணைக் குறிக்க வேண்டும். மலத்தை 7 வகையாகப் பிரிக்கும் அந்த அட்டவணையில் 6-ஆம், 7-ஆம் வகைகள் வயிற்றுப்போக்கைக் காட்டுபவை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நினைக்கவேண்டாம். இல்லத்தில் ஒருவருக்கு நீராகப் போவது நோரோவைரஸாக இருந்தால் இரண்டு நாளில் ஒரு மாடியே படுத்துவிடும். கடைசியாக வாந்தியோ பேதியோ வந்ததிலிருந்து 48 மணி நேரம் கழியும்வரை நோயாளியை மற்றவர்களிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும், நோய் கண்ட ஊழியர் வேலைக்கு வரக்கூடாது என்பது அங்கே உள்ள விதி. அந்த 48 மணி நேரத்தை எண்ணத் தொடங்குவதற்குக் குறிப்பேட்டில் நேரம் வேண்டும், அறிகுறி வேண்டும். ‘டாட்ஜி டம்மி’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் எண்ண முடியாது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நீங்கள் செய்யவேண்டியது அடுத்த கேள்வியைக் கேட்பது: வலிக்கிறதா, குமட்டுகிறதா, எத்தனை முறை போனீர்கள், எப்போதிருந்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? பெரியவர் கூச்சப்பட்டால் அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்லி, ‘டாட்ஜி என்றால் எந்த விதத்தில்?’ என்று கேட்கலாம். சொந்தச் சொல்லைக் கேட்டால் மனிதர்கள் சற்று இளகிப் பேசுவார்கள்.

ஆளையும் ஆவணத்தையும் பற்றி இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பிரிட்டனின் அண்மை வரலாற்றிலேயே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. 2003 பிப்ரவரியில், ஈராக் போருக்குச் சில வாரங்களுக்கு முன், டோனி பிளேரின் அரசு ஈராக்கின் ஆயுத மறைப்பு பற்றிய ஓர் ஆவணத்தைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அதைப் புகழ்ந்து பேசினார். அதன் பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து, பெயர் சொல்லாமல், எழுத்துப் பிழைகளோடு எடுத்து ஒட்டப்பட்டது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆசிரியர் கிளென் ரங்வாலா கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்த ஆவணத்துக்கு ‘டாட்ஜி டாசியே’ என்றே பெயர். ‘டாசியே’ என்றால் ஆவணத் தொகுப்பு. முதலெழுத்து மோனையாக அமைந்ததும் அந்தப் பெயர் நிலைத்ததற்கு ஒரு காரணம். ஆனால் அதைவிட, அந்தச் சொல் நிலைமையைச் சரியாகப் பிடித்தது என்றுதான் நான் நினைக்கிறேன். போலி என்று சொல்லியிருந்தால் ஒவ்வொரு வரியும் பொய் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அலட்சியம் என்று சொல்லியிருந்தால் அரசு மிகச் சுலபமாகத் தப்பியிருக்கும். ‘டாட்ஜி’ என்பது இரண்டுக்கும் நடுவே நின்று, இதை நம்பி ஒரு நாட்டைப் போருக்கு அழைத்துப் போக முடியாது என்ற ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னது.

அதே சொல்லை ஆள்மேல் வீசினால் என்ன ஆகும் என்பதை 2016 ஏப்ரல் 11 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காட்டியது. பலருடைய ரகசிய வெளிநாட்டு முதலீடுகளை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளிவந்த நேரம். பிரதமர் டேவிட் கேமரன் தம் தந்தையின் முதலீட்டு நிதி பற்றி அவையில் விளக்கம் அளித்துக்கொண்டிருந்தார். 1970 முதல் உறுப்பினராக இருந்த தொழிற்கட்சியின் டென்னிஸ் ஸ்கின்னர் எழுந்து பிரதமரை ‘டாட்ஜி டேவ்’ என்றார். அவைத்தலைவர் ஜான் பெர்கோ அந்தச் சொல்லைத் திரும்பப் பெறச் சொன்னார். ஸ்கின்னர் திரும்பப் பெறாமல் அதையே மறுபடியும் சொன்னார். அன்றைய அமர்வின் எஞ்சிய நேரத்துக்கு அவர் வெளியேற்றப்பட்டார். அவையில் ஓர் உறுப்பினர் இன்னொருவரின் நேர்மையைச் சந்தேகிக்கும் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்பது மரபு. தேநீர்க் கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத இந்தச் சொல், பெயருக்கு முன்னால் ஒட்டியதும் நேர்மையின் மேல் விழுந்த அடியாகிவிட்டது. முழங்காலுக்குச் சொன்னால் அனுதாபம், மனிதனுக்குச் சொன்னால் குற்றச்சாட்டு.

ஏஜென்ட்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலிருந்தே பதில் தொடங்குகிறது. உடன் வேலை செய்பவரிடம் வாய்மொழியாக ‘எ பிட் டாட்ஜி’ என்று சொல்வதில் ஒன்றுமில்லை. அவரும் உங்களிடம் அப்படித்தான் சொன்னார். பெயரைப் போட்டு இணையத்தில் எழுதுவது வேறு விஷயம். ஒரு பெயரடைக்காகவே இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது. அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், 2008-இல் நாளிதழில் எழுதிய கட்டுரையில், முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையாளர்களின் சங்கம் சில குழந்தை நோய்களுக்கான சிகிச்சைகளை ஊக்குவிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, அந்தச் சிகிச்சைகளை ‘போகஸ்’ என்றார். ‘போகஸ்’ என்றால் பொய், போலி, ‘டாட்ஜி’யைவிடக் கடுமையானது. சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2009-இல் நீதிபதி, அந்தச் சொல் தெரிந்தே ஏமாற்றுவதைக் குறிக்கிறது என்று கொண்டார். 2010 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அது கட்டுரையாளரின் கருத்து என்றது. அந்த மாதமே சங்கம் வழக்கைக் கைவிட்டது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் 2013-இல் திருத்தி அமைக்கப்பட்டதற்கு இந்த வழக்கு எழுப்பிய விவாதமும் ஒரு காரணம். சிங் கடைசியில் தப்பித்தார் என்றாலும், இரண்டு ஆண்டு வழக்காடும் வசதி வேலைக்குப் போன நமக்கு இல்லை.

எனவே அந்த ஏஜென்ட்டைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் பெயரடையை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள், ரசீது கேட்டபோது என்ன பதில் வந்தது, இங்கிலாந்தில் வாடகை முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் போட வேண்டும் என்ற விதிப்படி போட்டார்களா இல்லையா என்று எழுதினால், படிப்பவர் தாமாகவே அந்தச் சொல்லுக்கு வந்து சேருவார். நடந்தது நடந்தபடி இருந்தால் உங்கள் கை பலமாக இருக்கும். நம் பக்கத்திலிருந்து இன்னும் பலர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறார்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: ‘டாட்ஜி ஏஜென்சி’ என்று அங்கே ஒருவர் எச்சரித்தால் அதை வம்புப் பேச்சாகத் தள்ளிவிடாமல், எதனால் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். வேலை வாங்கித் தருவதற்கு வேலைக்கு வருபவரிடமே கட்டணம் வசூலிக்கக்கூடாது என்பது பிரிட்டனின் சுகாதாரப் பணியாளர் தேர்வு நெறிமுறை. வேலை தருகிற நிறுவனம் வெளிநாட்டவரின் விசாவுக்கு ஆதரவு தர அனுமதி பெற்றதா என்பதை அந்நாட்டு உள்துறை வெளியிடும் பட்டியலில் யாரும் பார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கேரள அரசு அமைப்புகளான நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் வழியாகப் போவதற்கும் வாய்ப்பு உண்டு.

ஒத்த பொருளுள்ள மற்றச் சொற்களைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. ‘ஷேடி’ என்பது ஆளுக்கும் வியாபாரத்துக்கும் மட்டும், முழங்காலுக்கு வராது. ‘ஃபிஷி’ என்பது நடப்பில் ஏதோ மர்மம் இருக்கிறது என்பதற்கு. ‘இஃபி’ என்பது ‘டாட்ஜி’யின் இளைய தங்கை போன்றது: பால் லேசாக நாறினால் ‘இஃபி’, திரிந்தே போனால் அதற்கு வேறு சொல். அமெரிக்கர்கள் ‘டாட்ஜி’யைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், ஆனால் தாங்களாகச் சொல்வது குறைவு; அவர்கள் ‘ஸ்கெட்சி’ என்பார்கள். இந்த ‘ஸ்கெட்சி’யில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தலைமுறை ஆங்கிலேயரிடம் அதற்கு அரைகுறையானது, விவரம் போதாதது என்பதுதான் முதல் பொருள். ‘டீடெய்ல்ஸ் ஆர் ஸ்கெட்சி’ என்று உங்கள் மேலாளர் சொன்னால், நீங்கள் எழுதிய குறிப்பில் விவரம் போதவில்லை என்கிறார். உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை.

நகைச்சுவைக்காக இச்சொல்லைப் போடுவதும் மிகுதி. ஒருவரின் தலைமுடி வெட்டு, மீசை, வேற்றூர் உச்சரிப்பைப் போலிசெய்யும் முயற்சி ஆகியவற்றை ‘டாட்ஜி’ என்று சொன்னால் ரசனை போதவில்லை, தேறவில்லை என்ற கிண்டல் மட்டுமே. மிக மலிவாகக் கிடைத்த கைக்கடிகாரத்தை ‘டாட்ஜி’ என்றால் திருட்டுச் சரக்காக இருக்கலாம் என்று குறிப்பு. லாரியின் பின்பக்கத்திலிருந்து விழுந்தது என்று அதற்கு ஒரு மரபுத்தொடரே அங்கு உண்டு. அயர்லாந்தில் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் ‘டாட்ஜி பாக்ஸ்’ என்று கேட்டிருப்பார்கள். கட்டணச் சேனல்களைச் சட்டவிரோதமாகக் காட்டும் சிறு பெட்டிக்கு அங்கே அதுவே பெயராகிவிட்டது. அந்த இடத்தில் அது சந்தேகத்தைக் குறிக்கும் பெயரடையாக இல்லை. பெட்டி சட்டவிரோதமானது என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை வீட்டில் முன்பே இருந்தவர் அப்படி ஒன்றை விட்டுப் போயிருந்தால் நீங்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது முதல் உயிர் ஒலி. நாம் டாக்டர் என்று எழுதுவது போல ‘டாட்ஜி’ என்று நெடிலாக எழுதினாலும், பிரிட்டனில் அது உதடு குவிந்த குறுகிய ஒலி, ஏறக்குறைய ‘டொஜ்ஜி’. நெடிலாக இழுத்தால் அமெரிக்க உச்சரிப்பாகக் கேட்கும். ஒப்பிடும்போது ‘டாட்ஜியர்’, ‘டாட்ஜியஸ்ட்’ என்றாகும். அலுவலகக் கடிதத்திலும் தேர்விலும் எழுதாதீர்கள். எழுத்தில் ‘அன்ரிலையபிள்’ அல்லது ‘சஸ்பிஷஸ்’ என்று, பொருளுக்கும் ஆளுக்கும் ஏற்பப் பிரித்து எழுதிக்கொள்ளலாம்.